மிச்ச ஆயுளைக் கணக்குப் போடுவது எப்படி: குமரி எல்லைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"இந்தியர்களின் சராசரி ஆயுள் 70" என்று செய்தி வந்தால், 68 வயதுக்காரர் தனக்கு இன்னும் இரண்டு வருடம்தான் என்று எடுத்துக்கொள்கிறார். அது தவறு. அந்த 70 என்பது பிறக்கும் குழந்தைக்கான எண். கைக்குழந்தையாக இறந்தவர், பிரசவத்தில் இறந்தவர், இளவயதில் பைக் விபத்தில் போனவர் எல்லோரும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. 60-ஐத் தொட்டவர் இந்த ஆபத்துகளையெல்லாம் தாண்டி வந்தவர். இந்தியச் சராசரிப்படி அவருக்கு இன்னும் சுமார் 18 ஆண்டு இருக்கிறது. கேரளத்தில் அது சுமார் 20.

இதுவும் சராசரிதான். பாதிப் பேருக்கு மேல் அதைத் தாண்டுவார்கள். ஓய்வுக்காலப் பணம், வீட்டில் யார் பார்த்துக்கொள்வது, சொத்தை எப்போது எழுதிவைப்பது என்று எல்லாவற்றையும் சராசரியை வைத்துத் திட்டமிடும் குடும்பம் கடைசிப் பத்து வருடத்தில் மாட்டிக்கொள்கிறது. அந்தப் பத்து வருடத்தைப் பெரும்பாலும் தனியாகக் கழிப்பவர் மனைவி. ஆகவே 'சராசரியாக எத்தனை வருடம்' என்பதைவிட, '90 வரை இருக்க எவ்வளவு வாய்ப்பு' என்பதே நமக்கு வேண்டிய கணக்கு. அதற்குத் தேவை மூன்று: சரியான வயது, தொடங்குவதற்கு ஒரு எண், ஒரு கால்குலேட்டர்.

வயதைச் சரிபார்ப்பது

இதை அலட்சியமாக விட்டால் பின்னால் போடும் கணக்கெல்லாம் வீண். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் பலருக்குச் சான்றிதழ் கிடையாது. ஆதாரில் சனவரி 1 என்று பிறந்த தேதி இருந்தால், பெரும்பாலும் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதைப் பதிந்திருக்கிறார்கள். ஆதார் அடையாளத்துக்கான அட்டை. பிறந்த தேதிக்கான சான்று ஆகாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 100 வயதைத் தாண்டியவர்கள் என்று இந்தியாவில் பதிவானவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு, உலகிலேயே நீண்ட ஆயுளுக்குப் பெயர்போன ஜப்பானில் இருந்தவர்கள் சுமார் 48 ஆயிரம். நம் எண்ணில் பெரும்பகுதி வயதைக் கூட்டிச் சொன்னது. 80-ஐத் தாண்டியவர்கள் வயதைக் கூட்டிச் சொல்வதும், 70, 75, 80 என்று முழு எண்ணாகச் சொல்வதும் எங்கும் நடப்பது. பதிவேடு பிரமாதமாக உள்ள ஜப்பானிலேயே 2010-இல் சரிபார்த்தபோது, குடும்பப் பதிவேட்டில் 'உயிரோடு' இருந்த 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூறு வயதுக்காரர்களைப் பற்றித் தகவலே இல்லை. இறந்ததை யாரும் பதியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு குமரி மாவட்டமாக ஆன தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். அதனால் பழைய சாதகம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, சொத்துப் பத்திரம் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டு (மலையாள நாட்காட்டியின் ஆண்டு) இருக்கும். பலவும் மலையாளத்தில் இருக்கும். மாற்றும் விதம் இது:

ஆவணி முதல் மார்கழி முற்பாதி வரை: கொல்லம் ஆண்டோடு 824 கூட்டவும்.
மார்கழி பிற்பாதி முதல் ஆடி வரை: 825 கூட்டவும்.

கொல்லம் ஆண்டு ஆவணி 1-இல் பிறக்கிறது. மார்கழியின் நடுவில் ஆங்கில ஆண்டு மாறிவிடுகிறது. அதனால்தான் இரண்டு எண். எப்போதும் 825-ஐக் கூட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் பிறந்தவர்களுக்கு அதனால் ஒரு வயது குறைந்துவிடும். கொல்லம் 1107 ஐப்பசி என்றால் 1931 அக்டோபர்-நவம்பர். 1107 ஆடி என்றால் 1932 சூலை-ஆகஸ்ட்.

சாதகத்தில் தமிழ் ஆண்டுப் பெயரும் இருந்தால் அதை வைத்துச் சரிபார்க்கலாம். 1931 சித்திரையில் பிறந்தது பிரஜோத்பத்தி, 1932 சித்திரையில் பிறந்தது ஆங்கீரச. ஆகவே கொல்லம் 1107 ஐப்பசிக்குப் பக்கத்தில் பிரஜோத்பத்தி என்றும், 1107 ஆடிக்குப் பக்கத்தில் ஆங்கீரச என்றும் இருக்க வேண்டும். ஒரே கொல்லம் ஆண்டில் இரண்டு தமிழ் ஆண்டுப் பெயர் வருவது பிழை அல்ல; சித்திரையில் தமிழ் ஆண்டு மாறுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் சாதகத்தைப் பிறகு யாரோ படியெடுத்தபோது தவறியிருக்கலாம்.

தேவாலயக் குடும்பமாக இருந்தால் முதலில் போக வேண்டியது பங்கு அலுவலகம். குளச்சல் முதல் கரையோரம் நெடுக, கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. குழந்தை பிறந்த சில நாளிலோ வாரத்திலோ எழுதியது என்பதால், 60 வயதில் சொன்ன எந்தத் தேதியையும்விட அது நம்பத்தக்கது. தேடும்போது ஞானப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் அதில் இருக்காது. இன்னொரு எச்சரிக்கை: சிறு வயதில் இறந்த அண்ணன் அல்லது அக்காளின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது அந்தக் காலத்தில் சகஜம். முதல் பதிவைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல் அடுத்த ஐந்து வருடத்துப் பக்கங்களையும் புரட்டிவிட வேண்டும்.

காகிதமே இல்லை என்றால் சம்பவங்களை வைத்துக் கேட்கலாம். 'உனக்கு எத்தனை வயசு' என்று கேட்டால் கிடைப்பது வழக்கமாகச் சொல்லிப் பழகிய எண். 'காந்தி செத்த அன்னைக்கு நீ பள்ளிக்கூடம் போனியா, வேலைக்குப் போனியா' என்று கேட்டால் கிடைப்பது நினைவு. 1936 நவம்பரில் கோவில் நுழைவு, 1948 சனவரி 30, 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டம், புதுக்கடைத் துப்பாக்கிச் சூடு, 1956 இணைப்பு: இந்த நான்கில் இரண்டுக்காவது கல்யாணத்துக்கு முன்னா பின்னா, எத்தனாவது பிள்ளை வயிற்றில் என்று பதில் வாங்குங்கள். கடைசியில் ஒரு சோதனை. தாயின் வயதிலிருந்து கடைசிப் பிள்ளையின் வயதைக் கழிக்கவும். 48-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் தாயின் வயது கூட்டிச் சொல்லப்பட்டிருக்கிறது. 'ஆச்சிக்கு 102' என்கிறார்கள், கடைசி மகனுக்கு 45 என்றால், 57 வயதில் பெற்றிருக்க வேண்டும். நடக்காத காரியம்.

தொடக்க எண்

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிப் பதிவு முறையின்படி மாநிலவாரியாகச் சுருக்க ஆயுள் அட்டவணை வெளியிடுகிறது. ஆண், பெண், நகரம், கிராமம் என்று தனித்தனியே இருக்கும். ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்ற பத்தியை எடுங்கள். 80-க்கு நேரே உள்ள எண்ணை 60-க்கு நேரே உள்ள எண்ணால் வகுத்தால், 60-இல் இருப்பவர் 80-ஐத் தொடும் வாய்ப்பு கிடைத்துவிடும். கடைசிப் பத்தி மிச்ச ஆயுளின் சராசரி.

இந்த அட்டவணை '85-உம் அதற்கு மேலும்' என்று முடிந்துவிடும். நமக்கு வேண்டிய 90, 95 அதில் இல்லை. அதனால் மேற்பகுதியை நாமே போட வேண்டும்.

எந்த மாநில அட்டவணை என்பது எல்லையில் நியாயமான கேள்வி. 1970-75 காலத்தில் பிறப்பின்போது எதிர்பார்க்கும் ஆயுள் கேரளத்தில் 62, தமிழ்நாட்டில் 49.6. களியக்காவிளைச் சோதனைச் சாவடியின் இரு பக்கத்துக்கும் 12 வருட வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; குமரி அன்றும் மாநிலச் சராசரியைவிடக் கேரளத்தையே அதிகம் ஒத்திருந்த மாவட்டம். இப்போது கேரளம் 75-ஐ ஒட்டி, தமிழ்நாடு 73-ஐ ஒட்டி இருக்கின்றன. இடைவெளி சுருங்கியதற்கு முதல் காரணம் குழந்தைச் சாவு குறைந்தது. 2020-இல் ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. குழந்தைச் சாவு குறைந்தால் பிறப்புச் சராசரி வேகமாக ஏறும். ஆனால் 60 வயதுக்காரரின் மிச்ச ஆயுள் அதே வேகத்தில் ஏறாது. அது ஏறுவது ரத்த அழுத்தம், மாரடைப்பு, சர்க்கரை இவற்றைக் கையாள்வதில்தான்.

கைக்கணக்குக்கு, 60 வயதில் ஆயிரம் பேருக்கு ஒரு வருடத்தில் எத்தனை சாவு என்ற எண்ணிலிருந்து தொடங்குவோம். இந்தியச் சராசரி போன்ற ஆயுளுக்கு 15. கேரளச் சராசரிக்குக் கிட்டத்தட்ட 12. நல்ல உடல்நிலையுள்ள பெண்ணுக்கு 10. இவை கணக்கை எளிதாக்க எடுத்த தொடக்க எண்கள். அட்டவணையில் உங்கள் மாநில எண் கிடைத்தால் அதையே போடுங்கள். குமரி மாவட்டத்தாருக்கு 12-க்கும் 15-க்கும் இடையில் ஒன்று பொருந்தும்.

நோட்டில் மூன்று பத்தி

1825-இல் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டது: வளர்ந்த மனிதருக்குச் சாவின் ஆபத்து வயதோடு ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகிறது. ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு, அதாவது ஆண்டுக்கு 9 சதவீதம். காப்பீட்டு நிறுவனங்களின் கணக்குக்கு அடிப்படையே இதுதான். நாமும் இதையே எடுக்கிறோம்.

முதல் பத்தி வயது. இரண்டாவது, ஆயிரத்துக்கு எத்தனை சாவு. ஒவ்வொரு வருடமும் 1.09-ஆல் பெருக்கவும். மூன்றாவது, மிஞ்சியவர்கள். இருப்பவரை இரண்டாவது பத்தி எண்ணால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் அந்த வருட இறப்பு; அதைக் கழித்தால் அடுத்த வருடம் இருப்பவர்.

60 வயது: 15, இருப்பவர் 1000. இறப்பு 15.
61 வயது: 16.35, இருப்பவர் 985. இறப்பு 16.1.
62 வயது: 17.8, இருப்பவர் 969. இறப்பு 17.3.
63 வயது: 19.4, இருப்பவர் 952. இறப்பு 18.5.

இப்படியே 100 வரை போங்கள். போனில் உள்ள எக்செல் போன்ற செயலியில் இரண்டு நிமிட வேலை. 15-இல் தொடங்கினால் 70 வயதில் சுமார் 794 பேர், 80-இல் 455, 90-இல் 115, 95-இல் 30, 100-இல் 3 பேர் மிஞ்சுவார்கள். 12-இல் தொடங்கினால் 80-இல் 535, 90-இல் 181, 100-இல் 11. தொடக்கத்தில் ஆயிரத்துக்கு மூன்றே சாவு குறைந்தது. நூறு வயதைத் தொடுபவர்கள் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டார்கள். 10-இல் தொடங்கினால் 90-இல் 243, 100-இல் 25. உலகில் நூறு வயதுக்காரர்கள் ஏன் இவ்வளவு வேகமாகக் கூடுகிறார்கள் என்பதற்கு விடை இந்த நோட்டிலேயே இருக்கிறது. ஜப்பானில் 1963-இல் 153 பேர் இருந்தார்கள், 2025 செப்டம்பரில் 99,763 பேர். அவர்களில் நூற்றுக்கு 88 பேர் பெண்கள்.

தவறு நடக்கும் இடம் இரண்டு. இறப்பு எண்ணை எப்போதும் 1000-லிருந்து கணக்கிடுவது ஒன்று. மிஞ்சியவர்களிலிருந்துதான் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் 83-க்குள் எண் சுழியத்துக்குக் கீழே போய்விடும். 1.09-ஆல் பெருக்க மறந்து எல்லா வருடமும் 15 என்றே வைத்திருப்பது இன்னொன்று. அப்படிச் செய்தால் 100 வயதில் 546 பேர் இருப்பதாகக் காட்டும்.

உங்களுக்கேற்பத் திருத்துவது

இரட்டிப்புக்கு எட்டு ஆண்டு என்பதால் ஒரு சுருக்கு வழி உண்டு. ஒரு பழக்கமோ நோயோ சாவின் ஆபத்தை இரண்டு மடங்காக்கினால், எட்டு வயது மூத்தவராக உங்களை வைத்துக்கொண்டு அட்டவணையைப் படியுங்கள். நீண்டகாலம் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவருக்கு இது பொருந்தும். தொடக்க எண் 15-க்குப் பதில் 30 என்று போட்டால் 80-ஐத் தொடுபவர்கள் 455-லிருந்து 200 ஆகக் குறைகிறார்கள். பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டு பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வு, வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சுமார் 10 ஆண்டு இழந்ததைக் காட்டியது. 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டும், 50-இல் விட்டவர்கள் 6 ஆண்டும், 40-இல் விட்டவர்கள் 9 ஆண்டும் திரும்பப் பெற்றார்கள். '60 ஆயாச்சு, இனி விட்டு என்ன' என்பவருக்கு அந்த 3 ஆண்டைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோய் 50 வயதில் இருந்தால் சுமார் 6 ஆண்டு இழப்பு என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. அதை ஆறு வயது மூப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு இழப்பு இதைவிடக் குறையும். இரண்டும் சேர்ந்திருந்தால் 8-உம் 6-உம் கூட்டி 14 என்று நேரடியாகப் போடாதீர்கள். அட்டவணைச் சராசரிக்குள்ளேயே புகைப்பவர்களும் சர்க்கரைக்காரர்களும் இருக்கிறார்கள். மொத்தமாகப் பத்து என்று வைத்தால் போதும்.

எல்லைப் பக்கச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு தேக்கரண்டி. கருவாட்டுக் குழம்பும் மாங்காய் ஊறுகாயும் ஒரே வேளையில் வந்தால் அந்த அளவு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் இருப்பது தெரியாமல் பல வருடம் ஓடுவதுதான் இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் கெடுக்கும் விஷயம்.

தாய் தகப்பன் 90 வரை இருந்தார்கள் என்பதற்காக எண்ணைப் பெரிதாகக் குறைக்க வேண்டாம். பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் பலர் நினைக்கும் அளவு இல்லை.

கணவன் மனைவிக்குச் சேர்த்து

இருவரில் ஒருவராவது இருக்கும் வாய்ப்பே குடும்பத்துக்கு வேண்டியது. இருவருக்கும் 60 என்று வைப்போம். 15-இல் தொடங்கிய கணவர் 90-ஐத் தொட வாய்ப்பு 11.5 சதவீதம், 10-இல் தொடங்கிய மனைவிக்கு 24. தொடாமல் போகும் வாய்ப்புகளைப் பெருக்குங்கள்: 0.885 × 0.757 = 0.67. ஒன்றிலிருந்து கழித்தால் 0.33. மூன்று தம்பதிகளில் ஒரு தம்பதியில் யாராவது ஒருவர் 90-இல் இருப்பார். மனைவி ஐந்து வயது இளையவராக இருந்தால், கணவருக்கு 90 ஆகும்போது அவருக்கு 85-தான். வாய்ப்பு இன்னும் ஏறும்.

90-க்கு மேல்

நோட்டுக் கணக்கு 90-க்கு மேல் கொஞ்சம் கடுமையாகக் காட்டும். அந்த வயதில் சாவின் ஆபத்து ஏறும் வேகம் தணிகிறது. இத்தாலியில் 105-ஐத் தாண்டியவர்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், அதற்குப் பின் ஆபத்து ஏறாமல் ஆண்டுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதியில் நின்றது. பாதிக்குப் பாதி என்றால் 105 வயதுக்காரர் ஆயிரம் பேரில் 115-ஐத் தொடுபவர் ஒருவர்தான். சான்றோடு நிரூபணமான மிக நீண்ட வாழ்க்கை பிரான்சின் ஆர்ல் நகரத்து ஜான் கல்மான் அம்மையாருடையது: 1875 பிப்ரவரி 21 முதல் 1997 ஆகஸ்ட் 4 வரை, 122 ஆண்டு 164 நாள். ஆண்களில் ஜப்பானின் ஜிரோமோன் கிமுரா, 116. ஆகவே '125 வயது ஆச்சி' என்று யாராவது காட்டினால் முதல் பகுதியில் சொன்ன கடைசிப் பிள்ளைச் சோதனையைச் செய்யுங்கள்.

பணமும் காகிதமும்

பணத்தை எந்த வயது வரை இழுக்க வேண்டும்? பத்தில் ஒருவர் மிஞ்சும் வயது வரை என்பது எங்கள் பரிந்துரை. 15-இல் தொடங்கினால் அது 90-91, 12 என்றால் 93, 10 என்றால் 95. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் இரட்டிப்பு. 60-இல் மாதம் 15,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு 72-இல் 30,000, 84-இல் 60,000 வேண்டும். முழுப் பணத்தையும் மாறாத வட்டியில் போட்டவர்களுக்கு நெருக்கடி வருவது இந்த 84-க்குப் பக்கத்தில். காப்பீட்டு நிறுவனத்தில் வாழ்நாள் ஓய்வூதியம் வாங்கும்போது, கணவருக்கு மட்டும் என்ற வகையில் மாதத் தொகை கூடுதலாகத் தெரியும். அவரோடு அது நின்றுவிடும். மேலே போட்ட கணக்கின்படி கடைசியில் இருக்கப்போவது மனைவி. இருவருக்கும் சேர்ந்த வகையையே கேளுங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறில் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. ஆனால் பழைய ஓய்வூதிய ஆணைகளில் மனைவியின் பிறந்த தேதி எழுதப்படாமலே இருக்கும். அதனால் கணவர் இறந்த பின் ஆச்சிக்கு 80 ஆனது யாருக்கும் தெரியாது, கூடுதல் தொகையும் வராது. கணவர் இருக்கும்போதே ஆணையை எடுத்துப் பாருங்கள். தேதி இல்லை என்றால் பான் அட்டை, பள்ளிச் சான்று, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றோடு பதியச் சொல்லி விண்ணப்பியுங்கள். எல்லாக் காகிதத்திலும் ஒரே தேதி இருக்க வேண்டும். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த ஒருமுறைதான் வாய்ப்பு. ஆகவே முதலில் சரியான தேதியைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு போங்கள்.

வாழ்நாள் சான்று நவம்பரில் கொடுப்பது வழக்கம். 80-ஐத் தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கேரளப் பக்கம் நலஓய்வூதியம் வாங்குபவர்கள் அக்ஷயா என்ற அரசு சேவை மையத்தில் மஸ்டரிங் (உயிரோடு இருப்பதை ரேகை வைத்து உறுதிசெய்வது) செய்ய வேண்டும். வலை இழுத்து, கயிறு திரித்து, ரப்பர் பால் வெட்டித் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பாருங்கள். அதுவும் விழாவிட்டால் கருவிழிப் பதிவு கேளுங்கள், அல்லது அரசு ஓய்வூதியரானால், வாழ்நாள் சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தை வைத்து வீட்டிலிருந்தே கொடுக்கலாம். முகம் பதியும்போது கண்ணாடியைக் கழற்றி, சன்னலைப் பார்த்து உட்காரவைத்தால் ஒரே தடவையில் ஏறிவிடும். ஏற்றியதும் வரும் சான்று எண்ணை ஓய்வூதிய ஆணையின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். பணம் வராத மாதம் வங்கியில் முதலில் கேட்பது அதைத்தான்.